கடலடிச் சேறு எரிமலை வாயில்

கேள்வி: புவித்தட்டுகள் நகர்வதால் பூமியின் மேலோடு உள்ளே போய், உருகி, மறுபடி புதிதாக வெளியே வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் 400 கோடி ஆண்டுப் பழைய பாறைகள் எப்படி மிச்சம் இருக்கின்றன? கீழே போய் யாரும் பார்த்ததில்லை. இது வெறும் ஊகம்தானே?

பதில்: ஊகம் இல்லை. கீழே போனது மேலே திரும்பி வந்து ஆய்வகத்தில் அகப்பட்டிருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் பழைய பாறைகள்.

மேலோடு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மேலோடு இரண்டு வகை. கடலுக்கு அடியில் இருப்பது பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை. சுமார் 7 கிலோமீட்டர் தடிமன்தான், ஆனால் கனமானது. கண்டங்களின் மேலோடு 35, 40 கிலோமீட்டர் தடிமன் இருந்தாலும் எடை குறைந்த பாறை. உள்ளே போய் வருவது பெரும்பாலும் முதல் வகை மட்டும். நடுக்கடல் முகடுகளில் பிறக்கும் கடல் தரை, நகர நகரக் குளிர்ந்து கனத்து, கடைசியில் ஓர் அகழியில், அதாவது கடலடியின் நீண்ட ஆழமான பள்ளத்தில், சரிந்து உள்ளே போய்விடுகிறது. கண்டம் தக்கை மாதிரி, எளிதில் அமிழாது. அதனால்தான் கனடாவின் வடமேற்கில் 400 கோடி ஆண்டுப் பாறை இன்னும் கிடக்கிறது, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்க்கான் என்ற கனிமத்தின் ஒரு துகளுக்கு 440 கோடி வயது. பெருங்கடல்களின் தரையிலோ, மேற்கு பசிபிக்கில் இருக்கும் மிகப் பழைய பகுதிக்கே ஏறக்குறைய 18 கோடிதான். அதற்கு முந்திய கடல் தரையெல்லாம் எங்கே போயிற்று? உங்கள் கேள்வியைவிட இதுதான் பெரிய கேள்வி.

‘உருகி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன, அது சரியில்லை. அமிழும் தட்டு குளிர்ந்த பாறை. அது சூடேற வெகுகாலம் ஆகும். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் ஆழம் வரை அதற்குள் நிலநடுக்கம் பதிவாகிறது. குழம்பாகிப் போன பாறையில் நிலநடுக்கம் ஏற்படுமா? நடப்பது வேறு. கடலுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பாறையின் கனிமங்களுக்குள்ளேயே தண்ணீர் ஏறியிருக்கும். சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில், அழுத்தம் தாங்காமல் அந்தக் கனிமங்கள் நீரை விட்டுவிடுகின்றன. அந்த நீர் தட்டுக்கு மேலே இருக்கும் சூடான கவசப் பாறையில் (மேலோட்டுக்கு அடியில் இருக்கும் அடுக்கு) புகுந்து, அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. அப்புறம் உருகுவது அந்தப் பாறைதான். அகழிகளை ஒட்டி எரிமலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான்.

சரி, சாட்சி எங்கே? பெரிலியம்-10 என்று ஒரு கதிரியக்க அணு இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போது அது உருவாகிறது. மழையோடு இறங்கி, கடலடிச் சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 14 லட்சம் ஆண்டுகள். ஒரு கோடி ஆண்டு கழிந்தால் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பூமி பிறந்தபோதே உள்ளே மாட்டிக்கொண்டது என்று யாரும் சொல்ல முடியாது. 1980களில் வாஷிங்டனின் கார்னெகி நிறுவன ஆய்வாளர்கள் அலூசியன் தீவுகள், நடு அமெரிக்கா ஆகிய இடங்களில் எரிமலைகள் கக்கிய லாவாவை எடுத்து அளந்தார்கள். அதில் பெரிலியம்-10 இருந்தது. வானத்தில் பிறந்த அணு, ஆழத்திலிருந்து எரிமலை வழியாக வெளியே வந்திருக்கிறது! இதைப் படித்த நாள் முதல் எனக்கு அந்த வியப்பு அடங்கவில்லை.

கணக்கும் பொருந்துகிறது. ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் நகரும் தட்டு 10 லட்சம் ஆண்டில் 80 கிலோமீட்டர் போகும். சேறு சரிவாக இறங்கி 100 கிலோமீட்டர் ஆழம் சேரச் சில பத்து லட்சம் ஆண்டுகள் போதும். பெரிலியம் முழுவதும் அழிவதற்குள் மேலே வந்துவிடலாம். அகழி ஓரத்து எரிமலைகள் எல்லாவற்றிலும் இது கிடைப்பதில்லை என்பதும் உண்மை. சில இடங்களில் மேல் சேறு அகழியின் வாயிலேயே வழிக்கப்பட்டு, எதிர்த்தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. அது உள்ளேயே போவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஹவாய் லாவாவையும் சோதித்தார்கள். அங்கே எந்தத் தட்டும் அமிழவில்லை. பெரிலியம்-10 கிட்டத்தட்ட இல்லவே இல்லை.