டாக்குமெண்டரி எடுக்கணுமா? முதலில் எடிட்டிங் படிக்கட்டும்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நீளமாக எழுதியிருந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட்ஆஃப் 148. எடிட்டிங் படித்து டாக்குமெண்டரி எடுக்கப் போகிறேன் என்கிறாளாம். பெங்களூரில் இருக்கும் தாய்மாமாவோ ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். நான்கு வருடத்துக்கு 14 லட்சம், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன். "பயமா இருக்கு சார், பொம்பளப் பிள்ளை, இதெல்லாம் ஒரு தொழிலா?" என்று முடித்திருக்கிறார்.

எடிட்டிங்கைப் பார்த்து ஏன் அம்மா பயம், அந்த 14 லட்சத்தைப் பார்த்துப் பயப்படுங்கள். ஆர்வமே இல்லாமல் கோடிங் படித்து, அரியர் வைத்து, நாலு வருடம் கழித்து வெளியே வருகிற பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிறேன். அப்போது வட்டி கட்டப்போவது மாமா இல்லை. பத்திரத்தை வைக்காதீர்கள், அவ்வளவுதான். இதே பதில்தான், ஒரு வருட டிப்ளமோவுக்கு லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு "இயக்குநர் ஆக்குகிறோம்" என்று சொல்லும் தனியார் பயிற்சி நிலையங்களுக்கும். கல்லூரிகளில் இருக்கும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பு பற்றி எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

உங்கள் மகள் அனுப்பிய 11 நிமிடப் படத்தைப் பார்த்தேன். ஆச்சி பீடி சுற்றுவதைப் போனில் எடுத்து கைன்மாஸ்டர் என்ற எடிட்டிங் ஆப்பில் வெட்டியிருக்கிறாள். வெளிச்சம் சரியில்லை, காற்று இரைச்சல் வேறு. ஆனால் கடையில் பாதிப் பீடியைக் கழித்துப் போட்ட பிறகு, ஆச்சி ஒன்றும் பேசாமல் சுளவில் மிச்சம் கிடக்கும் தூளை ஒதுக்குகிறார், அந்த ஷாட்டை அவள் வெட்டாமல் விட்டிருக்கிறாள். பின்னணி இசை போடவில்லை. பதினேழு வயதில் பாட்டைச் சேர்க்காமல் இருப்பதற்கே ஒரு தைரியம் வேண்டும். இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் டேட்டா ஸ்ட்ரக்சர் படிக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்குமெண்டரி இயக்குநர் என்று யாரும் வேலைக்கு ஆள் எடுப்பதில்லை. எடிட்டரை எடுக்கிறார்கள். அதனால் எடிட்டிங் வழியாகப் போ என்கிறேன். யாரும் கண்டுகொள்ளாத ஒரு இடம் நம் ஊரிலேயே இருக்கிறது, சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். 1945-இல் தொடங்கியது, புனே திரைப்பட நிறுவனத்தைவிடப் பழசு, அது 1960-இல்தான் வந்தது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான்கு வருட பி.வி.ஏ. (காட்சிக்கலை இளநிலை) பட்டம், அதில் எடிட்டிங் தனிப் பிரிவு. பட்டம் தருவது இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம். அரசு நிறுவனம், கட்டணத்துக்குப் பத்திரம் வைக்கத் தேவையே இல்லை. இடங்கள் மிகக் குறைவு, அறிவிப்பு சத்தமில்லாமல் வந்து போகும், அதனால் தகுதி, கடைசித் தேதி இரண்டையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

சரி, எடிட்டிங் என்றால் என்ன? மாமா நினைப்பதுபோல கல்யாண வீடியோவுக்குப் பூப் போடுவது இல்லை. கதைப்படத்துக்கு எழுதி முடித்த திரைக்கதை கையில் இருக்கும். டாக்குமெண்டரியில் பெரும்பாலும் படமே எடிட்டிங் அறையில்தான் எழுதப்படுகிறது. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ஃபுட்டேஜ், அதாவது எடுத்த காட்சிகள், வருவது சாதாரணம். அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார் என்று குறித்து வைக்க வேண்டும், பேட்டிகளை வார்த்தை வார்த்தையாக எழுதி எடுக்க வேண்டும். அப்புறம் அதிலிருந்து தேவையான வரிகளைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், பேப்பர் எடிட் என்பார்கள். இப்படி வரிசையாகக் கோத்த முதல் வடிவம், அசெம்பிளி, மூன்று நாலு மணி நேரம் ஓடும், பார்க்கச் சகிக்காது. அதிலிருந்து தோராயமாக வெட்டிய ரஃப் கட், நுணுக்கமாகச் செதுக்கிய ஃபைன் கட், இனி காட்சியை மாற்றுவதில்லை என்று முடிக்கும் பிக்சர் லாக், அதற்குப் பிறகுதான் ஒலிகளைச் சேர்க்கும் சவுண்ட் மிக்சும் நிறத்தைச் சரிசெய்யும் கலர் கிரேடிங்கும். நடுவில் ஒரு பெரிய பொறுப்பு இருக்கிறது, ஒருவர் பேச்சில் ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு அந்த வெட்டின் மேலே அவர் கையைக் காட்டும் ஒரு ஷாட்டைப் போட்டு மூடினால் அவர் சொன்னதே தலைகீழாகிவிடும், பார்ப்பவருக்குத் தெரியாது. இத்தனை மாதம் அடுத்தவர் எடுத்த ஃபுட்டேஜோடு மல்லுக்கட்டினவர், நாளைக்குத் தானே கேமராவோடு போகும்போது எதை எடுக்கணும், எதை விடணும் என்று தெரிந்துதான் போவார். உதாரணத்துக்கு, டாக்குமெண்டரி இயக்குநர் ரீனா மோகன் புனேயில் எடிட்டிங் படித்தவர். பழைய நடிகை கமலாபாய் கோகலேயைப் பற்றி அவர் இயக்கிய படம் தேசிய விருது வாங்கியது. பொம்பளைப் பிள்ளைக்கு இந்தத் தொழிலா என்ற கேள்விக்கும் அதுவே என் பதில்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். சொந்த டாக்குமெண்டரியில் சம்பாதிப்பவர்கள் மிகக் குறைவு, ஒரு படத்துக்கு நாலைந்து வருடம்கூடப் போகும். ஃபிலிம்ஸ் டிவிஷன் மாதிரி அரசே படம் எடுக்கச் சொன்ன இடமும் 2022-இல் என்.எஃப்.டி.சி.யோடு (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) இணைந்துவிட்டது. ஆனால் எடிட்டருக்கு நாள் கணக்கிலோ பிராஜெக்ட் கணக்கிலோ காசு வரும். தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகள் தங்கள் சமூகப் பணிகளைப் பற்றி எடுக்கும் சி.எஸ்.ஆர். படங்கள், டிவி, யூடியூப் சேனல்கள், அண்ணா பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இருக்கும் கல்விப் பட மையங்கள் என்று இடம் உண்டு. முதல் மூன்று வருடம் கையைக் கடிக்கும், அதைத் தெரிந்துகொண்டே இறங்கட்டும்.

சேருவதற்கு முன்னால் ஒரு சோதனை. கேரள சலச்சித்ர அகாடமி திருவனந்தபுரத்தில் ஒரு டாக்குமெண்டரி, குறும்பட விழா நடத்துகிறது, உங்கள் ஊரிலிருந்து கிட்டத்தில்தான். நீங்களும் கூடப் போங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாளும் போகணும் என்று அவள் கேட்டால் அவளை இந்த வழியிலேயே விட்டுவிடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, வீட்டில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் அதில் பழகட்டும். கேமரா கேட்டால் இப்போதைக்கு வேண்டாம்.

தரமணியில் இடம் கிடைக்காவிட்டால்? பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் வரலாறோ சமூகவியலோ தமிழோ எடுத்துப் படிக்கட்டும், கூடவே வெட்டிப் பழகட்டும். பட்டம் கையில் இருந்தால் புனே, கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம் இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுதலாம். டெல்லி ஜாமியாவின் மாஸ் கம்யூனிகேஷன் மையத்துக்கும் போடலாம், 2022, 2023 இரண்டு வருடமும் ஆஸ்கர் முழுநீள டாக்குமெண்டரி பரிந்துரையில் வந்த இந்தியப் படங்களின் இயக்குநர்கள் அங்கே படித்தவர்கள்தான். மாமா இன்னும் விடவில்லை என்றால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.