டியூஷன் நடத்துபவருக்கு மனநலப் பயிற்சி எதற்கு?

பெங்களூரு அல்சூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் நீங்கள், "நான் மருத்துவர் இல்லையே, எனக்கு ஏன் இந்த மனநல முதலுதவிப் பயிற்சி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளை வாரம் முழுவதும் பார்ப்பவர் நீங்கள்தான் என்பதால்.

மனநல முதலுதவிப் பயிற்சி 2000-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. நோய்க்குப் பெயர் சூட்ட அது கற்றுத்தருவதில்லை. தகுந்த உதவி கிடைக்கும்வரை துணைநிற்கக் கற்றுத்தருகிறது. கலகலப்பாக இருந்த பையன் இரண்டு வாரமாக ஒதுங்கியே இருக்கிறான், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எரிந்து விழுகிறான் என்றால் நாம் அதைத் 'திமிர்' என்கிறோம். எனக்குத் தாளாத வருத்தம் இதில்தான். தனியாக அழைத்துப் பேசுங்கள். அறிவுரையை ஒத்திவைத்துக் காது கொடுங்கள்.

பலரும் தயங்கும் இடம் ஒன்று உண்டு. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், ரகசியம் காப்பதாக வாக்கும் கொடுக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்லி, ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம்.