விவாகரத்துக்குப் பிறகான வாழ்க்கையைச் சிரிப்பு நாவலாக எழுதலாமா?

விவாகரத்தான பெண் ஒருத்தி மறுபடி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும் கதையை, வடசென்னையில் வைத்து, கொஞ்சம் குரூரமான நகைச்சுவையோடு எழுதுகிறேன், படிப்பவர்கள் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நினைப்பார்கள். எழுதுங்கள். உங்களுக்கு ஆகி ஒரு வருடம்கூட இருக்காது என்று தோன்றுகிறது. ஆறிப்போனவர்கள் இப்படி அனுமதி கேட்பதில்லை.

நான் தண்டையார்பேட்டை. எனக்கு 2022-ல் ஆனது. இந்து திருமணச் சட்டம் 13பி, அதாவது பரஸ்பர சம்மதம். ஒரு வருடம் பிரிந்திருந்துவிட்டு மனு போட்டால், மேலே ஆறு மாதம் யோசிக்கச் சொல்வார்கள். அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, நீதிபதி நினைத்தால் தளர்த்தலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. எங்கள் வக்கீல் அதைக் கேட்கவே இல்லை. சரி, விடுங்கள். கோர்ட்டுக்கு மெட்ரோவில்தான் போவேன், எங்கள் ஸ்டேஷனிலிருந்து நாலாவது. அந்தப் பாதை திறந்த நாள் 2021 பிப்ரவரி 14. நாவலில் வைத்தால் செயற்கை என்பார்கள், நான் என்ன செய்ய?

ஆனால் கோர்ட்டில் சிரிப்பு இல்லை. அது சீர்ப் பாத்திரங்களோடு குட்டி யானையில் வந்தது. பத்து மணிக்குக் கிளம்பிய வண்டி ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் இங்கே ஆம்புலன்ஸே நகராது. இதைப் பற்றி எவனாவது நாவல் எழுதுகிறானா? வடசென்னை என்றால் கத்தியும் கேரம் போர்டும்தான் அவர்களுக்கு. பீரோவும் கட்டிலும் இறங்குவதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "யாருக்குமா கல்யாணம், சொல்லவே இல்ல?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா முகம் மாறாமல், "ரிட்டர்ன்" என்றாள்.

அண்டாவில் எங்கள் இரண்டு பேர் பெயரும் கல்யாணத் தேதியும் வெட்டியிருந்தது. பெயர் வெட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். "அழிக்க வராதும்மா, மேல பூ போட்டுத் தரேன்" என்றார். இப்போது அதில் என் பெயர், அப்புறம் ஐந்து பூ, அப்புறம் தேதி. தேதிக்கும் பூ போடத் தனிக் காசு கேட்டதால் விட்டுவிட்டேன்.

என் முன்னாள் கணவரைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நீங்களும் சொல்லாதீர்கள். பழிவாங்க எழுதினால் சிரிப்பு வராது. புலம்பல்தான் வரும்.

வலியைக் கிண்டல் செய்யலாமா என்று வருபவர்களுக்கு: திருவொற்றியூர் கோயிலில் வருடா வருடம் மகிழடி சேவை நடக்கிறதே, அது எதற்கு? உன்னைப் பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்ததற்கு. திருவாரூரில் முதல் மனைவி பரவையார் இருக்கும்போதே செய்த சத்தியம். மீறிக் கிளம்பினார், இரண்டு கண்ணும் போயிற்று. அப்புறம் ஊர் ஊராகப் பாடி, ஒரு கண் காஞ்சிபுரத்தில், மறு கண் திருவாரூரில் திரும்பக் கிடைத்தது. பக்தர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நானும் வெள்ளிக்கிழமை வடிவுடையம்மனைப் பார்க்கப் போகிறவள்தான். சங்கிலியார் அப்புறம் என்ன ஆனார் என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை என்றுதான் சொல்கிறேன்.

போன தையில் எதிர்வீட்டில் நிஜமாகவே கல்யாணம். நலங்கு வைக்க என்னைக் கூப்பிடவில்லை. முதல் நாள் ராத்திரி பையனை அனுப்பி அண்டா கேட்டார்கள். கொடுத்தேன். பிரியாணிக்கு அரிசி அதில்தான் ஊறியது. திரும்பி வரும்போது ஒரு பக்கக் காது ஆடிக்கொண்டிருந்தது.