வாசகர் கேள்வி பதில்: என்ன வேலைக்குப் போகலாம்?

கேள்வி: மேடம், என் பையனுக்கு 15 வயசு. போன வருஷம் பைலட் ஆகணும்னான், இப்போ கேம் டிசைனர்ங்கிறான், கொஞ்சம் அழுத்திக் கேட்டா "தெரியலம்மா"ன்னுட்டு ரூமுக்குள்ள போயிடுறான். ஆன்லைன்ல ஏதோ டெஸ்ட் இருக்காமே, அதை எழுத வச்சா ஒரு முடிவுக்கு வந்துடலாமா?

பதில்: 15 வயசுல தெரியலன்னு சொல்றதுல தப்பே இல்லைங்க. அவனுக்குத் தெரிஞ்ச வேலையே எத்தனை இருக்கும்? வீட்ல இருக்கறவங்க பாக்கற வேலை, டீச்சர், டாக்டர், அப்புறம் ஸ்க்ரீன்ல பாக்கறது, அவ்ளோதானே. பல நாடுகள் சேந்து நடத்துற பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2020ல ஒரு அறிக்கை போட்டாங்க, 41 நாட்டு 15 வயசு பசங்ககிட்ட 30 வயசுல என்ன வேலையில இருப்பீங்கன்னு கேட்டா பொண்ணுங்கள்ல 53 சதவீதம், பையன்கள்ல 47 சதவீதம் பேரு பிரபலமான 10 வேலைக்குள்ளயே நின்னுட்டாங்க. உலகத்துல இருக்கறது பத்து வேலையா சொல்லுங்க!

டெஸ்ட் தாராளமா எழுதட்டும். இதுல நிறைய டெஸ்ட் ஜான் ஹாலண்ட்ங்கிற உளவியலாளர் 1959ல சொன்ன தியரியை வச்சு வந்ததுதான், கைவேலை, ஆராய்ச்சி, கலை, மத்தவங்களுக்கு உதவறது, ஆளுங்களை வச்சு நடத்துறது, கணக்கு வழக்குன்னு ஆறு வகையா ஆர்வத்தைப் பிரிச்சுப் பாக்கும். ஆனா ரிசல்ட்டைப் பாத்துட்டு நேரா கோர்ஸ்ல சேத்துடாதீங்க, அதுல அவன் இதுவரைக்கும் கேள்வியே படாத வேலை ரெண்டு மூணு வந்திருக்கும் பாருங்க, அதைத் தேடிப் பாக்கச் சொல்லுங்க, எனக்கு டெஸ்ட்டோட உபயோகம்னு தோணுறது அதுதான்.

இன்னொண்ணு, என்னவாகப் போறேன்னு கேக்கறதைக் கொஞ்ச நாள் விட்டுட்டு அந்த கேம்ல உனக்கு எதுடா பிடிச்சுதுன்னு கேளுங்க. கதையா, வரையறதா, சவுண்டா, கோடிங்கா? கேம் டெஸ்டிங்னு ஒரு வேலை இருக்கு, வெளிய இருந்து பாத்தா நாள் முழுக்க விளையாட சம்பளம் தர்றாங்கன்னு இருக்கும், உள்ள போனா ஒரே லெவலை திரும்பத் திரும்ப ஆடி, செவுத்துக்குள்ள கேரக்டர் எங்க மாட்டிக்குது, எந்த பட்டனுக்கு அப்புறம் ஸ்க்ரீன் உறைஞ்சு போகுதுன்னு ஒவ்வொண்ணா எழுதிக் குடுக்கணும். இதைக் கேட்டதும் சில பசங்களுக்கு முகம் சுருங்கும், சில பசங்களுக்கு கண்ணு விரியும், நீங்க பாக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ படிக்கிறேன். சின்ன வயசுல இருந்து வெட்னரி டாக்டர் ஆகணும்னு ஆசை. லீவுல தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கூட நாலு நாள் போனேன், எனக்கு ஒத்து வரலக்கா. மாட்டுக்கு சினை பாக்க தோள்பட்டை வரைக்கும் க்ளவுஸ் போட்டு உள்ள கை விடுறாங்க, ஒரு நாயைக் காப்பாத்த முடியலன்னு அதை வளத்தவங்ககிட்ட சொல்ல வேண்டி வந்துச்சு. இப்போ வீட்ல எதுலயும் நிலையா நிக்க மாட்டேங்கிறன்னு திட்டுறாங்க.

பதில்: திட்டு வாங்கற வேலையே இல்லம்மா இது. காலேஜ்ல சேந்து ரெண்டு வருஷம் போனப்புறம் தெரிய வேண்டியதை நாலு நாள்ல தெரிஞ்சுக்கிட்ட, இதை அப்படியே வீட்ல சொல்லு. ஆனா மொத்தமா கதவை சாத்திடாத. உன்னைக் கஷ்டப்படுத்துனது கையில அழுக்கு படறதா, இல்ல அந்த சாவுச் செய்தி சொல்றதா? ரெண்டும் வேற வேற. அழுக்குன்னா அது பழகிடும்னு அந்த வேலையில இருக்கறவங்களே சொல்லுவாங்க. ரெண்டாவதுதான்னா விலங்குகளோட சம்பந்தப்பட்ட வேற வேலை இருக்கு, லேப்ல நோய்க் கிருமி ஆராயறது, காட்டு விலங்குகளைக் கணக்கெடுக்கறது, தீவனத்துல என்ன சத்து வேணும்னு பாக்கறது. அதுல ஒருத்தரைப் பிடிச்சு "நேத்து காலைல வந்ததுல இருந்து என்னென்ன செஞ்சீங்க"ன்னு மட்டும் கேளு. பெருமையா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு விடுவாங்க, விடாத, சாயங்காலம் வரைக்கும் மணிக்கணக்கா கேளு.

கேள்வி: நான் ஸ்கூல் டீச்சர். வருஷா வருஷம் கரியர் டே நடத்துறோம், பெரிய ஆளுங்க வந்து பேசுறாங்க, பசங்க தூங்குறாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: மேடையை எடுத்துடுங்க டீச்சர். ஜப்பான்ல ஹ்யோகோ மாகாணத்துல 1998ல இருந்து எட்டாவது படிக்கிற பசங்களை அஞ்சு நாள் கடை, பண்ணை, ஆஸ்பத்திரின்னு வெளிய வேலை பாக்க அனுப்புறாங்க. அயர்லாந்துல 1974ல ஆரம்பிச்ச ட்ரான்சிஷன் இயர்ல, அதாவது ஸ்கூல் படிப்புக்கு நடுவுல வர்ற ஒரு தனி வருஷத்துல, இதுக்குன்னே நேரம் ஒதுக்குறாங்க. உங்களால அவ்ளோ முடியலன்னா ஒரே ஒரு நாள் போதும், நாலு நாலு பேரா பிரிச்சு அனுப்புங்க. பெரிய ஆளுங்களைத் தேட வேண்டாம், வேலைக்கு சேந்து ரெண்டு மூணு வருஷமான சின்ன பசங்க கிட்ட அனுப்புங்க, அவங்களுக்குத்தான் ஆரம்பத்துல எங்க தடுமாறுனோம்னு இன்னும் ஞாபகம் இருக்கும். பாதுகாப்பு விஷயத்தை முன்னாடியே பேசிடுங்க, பெத்தவங்க கையெழுத்தும் வாங்கிடுங்க. திரும்பி வந்ததும் கட்டுரை எழுதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.