பருந்து இறாஞ்சும்

கேள்வி: வேட்டையாடித் தின்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஸ்டாக் (பதுங்கித் தொடர்வது), பவுன்ஸ் (பாய்ந்து பிடிப்பது), டிவவர் (தின்று தீர்ப்பது) என்று எத்தனை வினைச்சொற்கள்! தமிழில் 'பிடித்துச் சாப்பிட்டது' என்பதைத் தாண்ட முடியவில்லையே, ஏன்? (வாசகர், உவர்மலை)

பதில்: அந்தச் 'சாப்பிட்டது'தான் கோளாறு. புலி மானைச் சாப்பிடாது, தின்னும். எத்தனை தடவை எழுதியும் தொலைக்காட்சி விலங்குப் படங்களில் சிங்கம் இன்னும் 'உணவருந்துகிறது'. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஜெர்மன்காரர்கள் மனிதர் உண்பதை எஸ்ஸன் என்றும் விலங்கு தின்பதை ஃப்ரெஸ்ஸன் என்றும் பிரித்தே பேசுகிறார்கள்.

அந்த ஃப்ரெஸ்ஸனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கூடப்பிறப்பு உண்டு: ஃப்ரெட். பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தின்று தீர்ப்பது என்று பொருள். இன்று மனம் புழுங்குவதைச் சொல்கிறார்கள். கவலைப்படுவதைச் சொல்லும் வொரி இன்னும் கொடியது. அது முதலில் கழுத்தை நெரிப்பது. பிறகு, நாய் ஆட்டின் குரல்வளையைக் கவ்விக் குதறுவதற்கு வந்தது. பிரிட்டனில் ஆடுமாடுகளை நாய் துரத்தித் தாக்குவதைத் தடுக்க 1953இல் இயற்றிய சட்டத்திலும் குற்றத்தின் பெயர் வொரியிங்தான். கவலைக்கு அவர்கள் வேட்டையிலிருந்து சொல் எடுத்தார்கள். நாமும்தான் எடுத்தோம்: கவலை மனதை அரிக்கிறது என்கிறோமே, அது கறையானின் வினை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்மிடம் பிராணிக்கொரு வினை இருக்கிறது. பூனை பதுங்கும், பாயும். கொக்கு கொத்தும். நாய் கவ்வும், குதறும். முதலை இழுக்கும். பாம்பு இரையெடுக்கும், எடுத்த பின் அசையாமல் கிடக்கும். அதனால்தான் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்திருப்பவனை 'இரையெடுத்த பாம்பு' என்கிறோம்.

போன கிழமை விடியற்காலை கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மடி கரையேறி, சாளை மணலில் துள்ளிக்கொண்டிருந்தது. செம்பருந்து ஒன்று மேலே இரண்டு வட்டம் போட்டது. அப்புறம் சரிந்து இறங்கி, காலை மட்டும் நீட்டி ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு ஏறியது. மணலில் அதன் நகம்கூடப் படவில்லை. போகிற போக்கில், பறந்தபடியே குனிந்து, காலில் இருந்த மீனைக் கொத்திக் கிழித்துத் தின்றது. கூடையோடு நின்ற அம்மா அண்ணாந்து பார்த்து, "இறாஞ்சிக்கொண்டு போயிட்டுது!" என்றார்.

இறாஞ்சுதல். மேலிருந்து சரிவதும், நிற்காமலே நகத்தால் பறிப்பதும், அதே வேகத்தில் மேலேறுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. பவுன்ஸில் பாய்ச்சல் இருக்கிறது, தூக்கிக்கொண்டு போவது இல்லை. கோழி வளர்த்த எந்த வீட்டிலும் இந்தச் சொல் புழங்கியிருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேறு சொற்களும் கிடைத்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைக்கிறேன்.