சுமேரியக் கடவுள் பெயர்களை என் ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) பாத்திரங்களுக்கு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். எங்கி, இனன்னா, எரெஷ்கிகல் எல்லாம் 4,000 ஆண்டுக்கு மேல் பழைய பெயர்கள். யாருக்கும் தனியுரிமை இல்லை. வம்பு வருவது உருவத்தில்தான். ஐந்து தலை டிராகனாக வரும் தியாமத் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் கற்பனை. பாபிலோனியப் படைப்புக் காவியத்தில் தியாமத் ஆதிக்கடல். ஐந்து தலையெல்லாம் அங்கே கிடையாது. ஆட்டத்தை விற்கப் போகிறீர்கள் என்றால் அந்த உருவத்தைத் தொடாதீர்கள்.

மனிதப் பாத்திரத்துக்கு வெறுமனே ‘நன்னா’ என்று வைத்தால், பூசாரி கும்பிடுவது சந்திரக் கடவுளையா பக்கத்தில் நிற்கும் வீரனையா என்று ஆடுபவர்கள் குழம்புவார்கள். சுமேரியர் செய்தபடி முன்னொட்டுச் சேருங்கள்: ஆணுக்கு லு-நன்னா (நன்னாவின் ஆள்), பெண்ணுக்கு கெமே-என்லிலா (என்லில் கடவுளின் பணிப்பெண்).

இனன்னாவையும் இஷ்தாரையும் ஒரே பட்டியலில் இரண்டு தெய்வமாகப் போடுவது பலரும் செய்யும் தவறு; இஷ்தார் அவளுக்கு அக்காடியர் வழங்கிய பெயர். உத்து–ஷமாஷ், எங்கி–எயா ஜோடிகளும் அப்படித்தான்.