ஒரு சொல்லுக்கு அஞ்சிய அரசுகள்

கேள்வி: ஏதாவது ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது இனப்படுகொலை என்று உலக நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறது. ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள்; கொலை நிற்கவில்லை. செத்தவனுக்கு அதற்கு என்ன பெயர் வைத்தால் என்ன? ஒரு வெறும் வார்த்தைக்காக இத்தனை வக்கீல்களா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் கோபத்தில் பாதி என்னுடைய கோபமும்தான். ஆனால் ‘வெறும் வார்த்தை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘வெறும்’ என்பதை மட்டும் என்னால் கடந்து போக முடியவில்லை.

1921இல், ஆர்மீனியர்களை நாடுகடத்திக் கொன்றொழித்ததில் முதன்மைப் பங்கு வகித்த துருக்கிய அமைச்சர் தலாத் பாஷாவை ஓர் ஆர்மீனிய இளைஞர் பெர்லின் தெருவில் சுட்டுக் கொன்றார். அப்போது லிவிவ் நகரில் படித்துக்கொண்டிருந்த ராஃபேல் லெம்கின் என்ற யூத மாணவர், தலாத்தின் மேல் ஏன் யாரும் வழக்குத் தொடுக்கவில்லை என்று தன் பேராசிரியரிடம் கேட்டார். தன் கோழிகளை ஒருவன் அறுத்தால் அது அவன் பாடு, அதில் நீ தலையிட்டால் அத்துமீறல் என்ற பொருளில் பேராசிரியர் பதில் சொன்னதாக லெம்கின் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒருவனைக் கொன்றால் குற்றம், ஓர் அரசு தன் குடிமக்களில் பல லட்சம் பேரைக் கொன்றால் உள்நாட்டு விவகாரம் என்பதே அன்றைய சட்டம். அதைக் குற்றம் என்று சொல்ல சட்டப் புத்தகத்தில் ஒரு பெயர்கூட இல்லை.

அந்தப் பெயரை லெம்கின் 1944இல் தன் நூலில் தந்தார். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொல்லுதலைக் குறிக்கும் லத்தீன் வேரையும் இணைத்து ‘ஜெனோசைட்’ என்றார். பெற்றோர் உட்பட அவருடைய உறவினர் 49 பேரை நாஜிகள் கொன்றிருந்தார்கள். போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்ற அந்தச் சொல் 1946இல் வந்த தீர்ப்பில் இல்லை. அவர் ஓயவில்லை, ஐ.நா. தாழ்வாரங்களில் தூதர் தூதராக மடக்கிப் பேசினார். 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் ஐ.நா. பொதுச்சபை அந்தக் குற்றத்தைத் தடுக்கவும் தண்டிக்கவுமான உடன்படிக்கையை ஏற்றது. ஒரே ஒரு சொல்லுக்காகத் தன் வாழ்நாளைச் செலவழித்த அந்த மனிதர் 1959இல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். அவரை நினைக்கும்போது ‘வெறும்’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை.

வார்த்தைக்கு எடை இல்லை என்றால் அரசுகள் ஏன் அதற்கு அஞ்ச வேண்டும்? 1994 ஏப்ரல் முதல் சுமார் நூறு நாட்களில் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், கொல்லப்பட்டார்கள். கொலைகள் தொடங்கிய இரண்டே வாரத்தில், அங்கிருந்த ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கும்படி பாதுகாப்பு அவை தீர்மானம் போட்டது. அந்த நாட்களில் அமெரிக்க அரசுக்குள் எழுதப்பட்ட ஒரு குறிப்பு பின்னர் வெளியாயிற்று: இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் நாம் ஏதாவது செய்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும், எனவே எச்சரிக்கையாக இருங்கள் என்பதே அதன் சாரம். ஜூன் மாதத்தில்கூட அவர்களின் செய்தித் தொடர்பாளர், அந்தக் குற்றத்துக்கு உரிய ‘செயல்கள்’ நடந்திருக்கலாம் என்றாரே தவிர, குற்றத்தை நேரடியாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட செயல்கள் எத்தனை சேர்ந்தால் அது அந்தக் குற்றம் ஆகும் என்று ஒரு நிருபர் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. ‘தடுப்போம்’ என்று உடன்படிக்கையின் முதல் பிரிவிலேயே கையொப்பம் இட்டிருப்பதால்தான் அந்தச் சொல் அவர்கள் வாயில் வரவில்லை. இதை நான் எத்தனை முறை படித்தாலும் ஆறாத கோபம் வருகிறது.

கொலை நிற்கவில்லை என்கிறீர்கள், உண்மை. உலக நீதிமன்றத்துக்குப் படை கிடையாது. அதன் தீர்ப்பை நிறைவேற்ற வைக்கும் அதிகாரம் பாதுகாப்பு அவையிடம் இருக்கிறது. அங்கே ஐந்து நாடுகளின் கையில் எந்தத் தீர்மானத்தையும் தடுத்துவிடும் மறுப்புரிமை (வீட்டோ) இருக்கிறது. குறையை அங்கே தேடுங்கள், சொல்லின் மேல் ஏற்றாதீர்கள்.

‘செத்தவனுக்கு’ என்று நீங்கள் எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டும். ருவாண்டாவின் தாபா பகுதித் தலைவராக இருந்த ழான்-போல் அகாயேசுவை, தான்சானியாவின் அருஷா நகரில் இருந்த சர்வதேசத் தீர்ப்பாயம் விசாரித்தது. முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் தங்களுக்கும் தங்கள் மகள்களுக்கும் நேர்ந்ததைச் சொன்னபோதுதான் அது வெளிவந்தது. 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை, டர்பன் நகரில் பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ் வழித்தோன்றல். ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வன்புணர்வும் இந்தக் குற்றமே என்று 1998 செப்டம்பர் 2 அன்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது. அதற்கு முன் எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இந்தக் குற்றத்துக்காக ஒருவரையும் தண்டித்ததில்லை. அந்தத் தீர்ப்பை வரவழைத்தவர்கள் உயிரோடு இருந்த பெண்கள். சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இங்கேதான் என் பழைய வழக்கு வருகிறது. ‘இனப்படுகொலை’ என்ற தமிழ்ச் சொல்லில் எனக்கு நெடுநாளாக மனக்குறை உண்டு; இதற்காக எங்கள் மெய்ப்புத் திருத்துநரோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ‘மக்களுக்குப் பழகிய சொல்லை மாற்றாதீர்கள், ஐயா’ என்பார் அவர். உடன்படிக்கை ஐந்து செயல்களைச் சொல்கிறது. அவற்றில் முதலாவது மட்டுமே கொலை. கடும் உடல், மனத் தீங்கு விளைவிப்பது, வாழவே முடியாத நிலைமைக்கு ஒரு கூட்டத்தை வேண்டுமென்றே தள்ளுவது, பிறப்பைத் தடுப்பது, குழந்தைகளைப் பிடுங்கி வேறு கூட்டத்திடம் சேர்ப்பது ஆகிய நான்கும் அதே குற்றம். லெம்கினுடைய சொல்லிலும் கொல்லுதலின் வேர் உண்டுதான். ஆனால் அங்கே கொல்லப்படுவது இனம். தமிழில் ‘படுகொலை’ என்றதும் நாம் பிணங்களை எண்ண உட்கார்ந்துவிடுகிறோம். தாபாவின் பெண்கள் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் தோற்றால் ‘ஜனநாயகப் படுகொலை’ என்று மேடைதோறும் முழங்கி அந்தச் சொல்லைத் தேய்த்தும் வைத்திருக்கிறோம். ஈழத்து எழுத்தாளர்கள் பலர் ‘இனவழிப்பு’ என்று எழுதுகிறார்கள். ‘அழிப்பு’ என்பதில் ஐந்து செயல்களும் அடங்கும். செய்தவனின் நோக்கமும் தொனிக்கும். அந்த நோக்கத்தை மெய்ப்பிக்கத்தான், நீங்கள் கேட்ட அத்தனை வக்கீல்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடுகிறார்கள்.

உங்கள் கேள்வியில் இருந்த சொல்லை நீங்கள் எழுதியபடியே அச்சிட்டிருக்கிறேன். எங்கள் கட்டுரைகளில் அடுத்த இதழிலிருந்து ‘இனவழிப்பு’ என்றே வரும். மெய்ப்புத் திருத்துநர் நேற்று மாலை சம்மதித்துவிட்டார்.